மூன்று தழும்புகளைப் பற்றி மகளுக்கு

அன்பு மகள் செலினுக்கு அம்மா எழுதுவது.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகள் ஜெயித்த கதையைக் கேள். உன் அண்ணன் மகன் ஜெரால்டு பத்தாவதில் கணக்குக்குத் தொண்ணூற்றாறு வாங்கிவிட்டான். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் அவன் பெயரை எல்லாருக்கும் மேலே எழுதிப் போட்டிருந்தார்கள். உங்கப்பா மூன்று தடவை போய் நின்று படித்துவிட்டு வந்தார். மூன்றாவது தடவை போனபோது மழையில் எழுத்தெல்லாம் கரைந்துவிட்டதாம். "கரைஞ்சா என்ன, என்ற கண்ணுக்குத் தெரிஞ்சுது" என்கிறார். அவன் தங்கை மெர்சி கோடை விழா ஓட்டப் பந்தயத்தில், ஷூ போட்ட பிள்ளைகளையெல்லாம் வெறுங்காலோடு ஓடி முந்தி, ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கி வந்தாள். அந்தக் குடத்தில் யாரும் தண்ணீர் பிடிக்கக்கூடாதாம், அலமாரி மேல் உட்கார்ந்திருக்கிறது. உன் அண்ணி ரோசி, இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்து எஸ்டேட் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இப்போது அங்கே கணக்கெழுதுகிற ரைட்டர் போடும் கடிதத்தில் அவளே பிழை திருத்துகிறாள் என்று கேள்வி. உன் மகள் அனிதா பரிசு வாங்கிய அந்த யானைப் படத்தை அரிசி டப்பா மூடியில் ஒட்டியிருக்கிறேன். உலை வைக்கப் போகும்போதெல்லாம் யானையைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் அரிசி அள்ளுகிறேன்.

இந்த வரிசையில் இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொள். என் பெயர்தான். சிரிக்காதே. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் நான். ஆனால் நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு பரீட்சைக்குப் போனேன். முதல் தடவை ஃபெயில், இரண்டாவது தடவை பாஸ். அதைப் பற்றி உனக்கு ஒரு பொய்யும் எழுதினேன். 'அம்மாவுக்குக் குடல்வால் ஆப்பரேசன் முடிந்தது, கவலைப்படாதே' என்று ஒரு கார்டு போட்டிருந்தேனே, நினைவிருக்கிறதா? அது குடல்வால் இல்லை கண்ணு. என் சினைப்பையில் கட்டி. வயிற்றைக் கிழிக்காமல், மூன்று சின்ன ஓட்டை போட்டு, அதன் வழியாகவே எடுத்தார்கள். லேப்ராஸ்கோபி என்று பெயர். பெண்பிள்ளைச் சமாச்சாரத்தை ஒரு கார்டில் எழுதி, தபால்காரரும் உன் மாமியாரும் படிப்பார்களே என்று கூச்சப்பட்டுப் பெயரை மாற்றிப் போட்டேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று போன வாரம்தான் புரிந்தது.

போன வாரம் மாப்பிள்ளை கடிதம் போட்டிருந்தார். உனக்கும் அதே இடத்தில் கட்டி, பெங்களூரில் டாக்டர் அதே ஓட்டை ஆப்பரேசனுக்குத்தான் நாள் குறித்தார், நீ இரண்டு தடவை தள்ளிப்போட்டுவிட்டாய் என்று எழுதியிருந்தார். ஒரு தடவை நீ வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துப் பரீட்சையாம், இன்னொரு தடவை நாத்தனார் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவாம். 'நம்ம ஊட்டுல யாருக்கும் இப்படி வந்ததே இல்லீங்க, எனக்கு மட்டும் ஏன்' என்று அழுதாயாம். அது தப்பு கண்ணு. நம் வீட்டில் வந்தது. உன் அம்மாவுக்கே வந்தது. நான் அந்தக் கார்டில் உண்மையை எழுதியிருந்தால், நீ தனியாக உட்கார்ந்து அழுதிருக்க மாட்டாய். அதனால் இப்போது ஒன்று விடாமல் எழுதுகிறேன். இதை ஒளித்து வைக்காதே. உன் மாமியாரிடம் படித்துக் காட்டு, பக்கத்து வீட்டுப் பெண்களிடமும் படித்துக் காட்டு. எனக்கு இனிமேல் கூச்சம் இல்லை.

ஒன்றரை வருடம் என் வயிறு உப்பிக் கிடந்தது. காப்பிப் பழம் பறிக்கக் குனிந்தால் உள்ளே ஏதோ உருண்டு விழுவது போல இருக்கும். நான் கூடையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் நடந்தேன். ரோசிதான் கண்டுபிடித்தாள், அவள்தான் சேலத்துக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனாள். நம் தோட்டத்துக் கமலா ஆரஞ்சு அளவுக்குக் கட்டி. கோயம்புத்தூரிலிருந்து ஒரு டாக்டரம்மா பதினைந்து நாளைக்கு ஒருமுறை, தன் கருவியைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு சேலத்துக்கு வருவார். அவரிடம் போனோம். தொப்புளில் ஒரு ஓட்டை, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, வயிற்றுக்குள் காற்றை நிரப்பி, விளக்கு வைத்த குழாயை விட்டு, டி.வி.யில் பார்த்துக்கொண்டே செய்வோம் என்றார். உங்கப்பா வாயைப் பிளந்து, "டி.வி.யிலயாங்க? அப்ப ஊரெல்லாம் பாக்குமுங்களா?" என்று கேட்டார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் மட்டும் சிரிக்காமல், "ஏனுங்கம்மா, ஆரஞ்சுப் பழமாட்ட இருக்கறது அத்துனூண்டு ஓட்டையில எப்புடிங்க வெளிய வரும்?" என்றேன். "உள்ள தண்ணிதானுங்க இருக்குது. அதை உறிஞ்சிட்டா காத்துப்போன பலூனாட்ட தோலு மட்டும் வரும். வராட்டி, இல்ல உள்ள வேற ஏதாச்சும் தெரிஞ்சா, வயித்தைத் திறந்துதான் செய்யோணும். அதுக்கும் இப்பவே சம்மதமான்னு சொல்லீருங்க" என்றார். ஒளிக்காமல் சொன்னார், அதுவே எனக்குத் தைரியமாக இருந்தது.

ஆப்பரேசனுக்கு முந்தின நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வாயில் ஒன்றும் படக்கூடாது, வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இதெல்லாம் எனக்கு ஒரு பெரிய காரியமா? எத்தனை தவக்காலம் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தவள் நான்! நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பெரிய வெள்ளி அன்றைக்குக்கூட, பால் சேர்க்காத கடுங்காப்பி குடித்தால் ஒருசந்தி கெடாது. காப்பித் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கடுங்காப்பி சாப்பாட்டில் சேர்ந்ததே இல்லை. அதே கணக்கை நான் ஆப்பரேசனுக்கும் போட்டுக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. காலையில் உன் அண்ணன் ஜீப்பில் நம் ஊர் மஞ்சக்குட்டையிலிருந்து கிளம்பினோம். 'வெறும் வயித்தோட இருபது வளைவு எறங்குனா கொடலே வாய்க்கு வந்துரும்' என்று உங்கப்பா பிளாஸ்க் நிறையக் கருப்பட்டி போட்ட கடுங்காப்பி எடுத்து வந்திருந்தார். பாதி மலையில் ஜீப்பை நிறுத்தியபோது இரண்டு டம்ளர் குடித்தேன். ரோசி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை, ஒண்ணுமே குடிக்கக்கூடாதுன்னு சொன்னாங்களே?" என்றாள். நான் அவளை ஒரு அதட்டுப் போட்டேன். "போடி! ஒருசந்தி இருக்கறதுக்கு நீ எனக்குச் சொல்லித்தர்றியா? பங்குச் சாமியாரே ஒண்ணும் சொன்னதில்ல, டாக்டரம்மாவா சொல்லப்போறாங்க?" அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து, காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். தண்ணீர்? "பச்சைத் தண்ணி பல்லுல படலீங்க" என்றேன். அதுவும் சத்தியம்தான். இனிமா கொடுத்தார்கள், பச்சை அங்கி மாட்டினார்கள், தாலியையும் மூக்குத்தியையும் கழற்றி உங்கப்பாவிடம் கொடுத்தார்கள், தள்ளுவண்டியில் படுக்க வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஐயா நல்ல மனிதர். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குதுங்களாம்மா?" என்றார்.

"அதெல்லாம் இல்லீங்க. வழியில காப்பி குடிச்சதுல நல்லா தெம்பா இருக்கறனுங்க."

அந்த அறையில் எல்லாக் கையும் அப்படியே நின்றது.

"என்ன காப்பி?"

"கடுங்காப்பிதானுங்க. பால் ஒரு சொட்டுக்கூட இல்லீங்க."

"எத்தனை டம்ளரும்மா?"

"ரெண்டுதானுங்க."

வண்டியை அப்படியே திருப்பி வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். டாக்டரம்மா வந்து என் தலைமாட்டில் நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார். "மயக்கத்துல இருக்கறப்ப வயித்துல இருக்கறது மேல ஏறி மூச்சுக்குழாய்க்குள்ள போயிருச்சுன்னா, நான் கட்டிய எடுத்து என்னுங்க பிரயோசனம்? ஆளு இருக்கோணுமல்ல? காப்பி, தண்ணி எல்லாம் எனக்கு ஒண்ணுதானுங்க. பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க." வெளியே பெஞ்சில் ரோசி உட்கார்ந்து, "நாந்தான் நர்சுகிட்டச் சொல்லியிருக்கோணும், நாந்தான் சொல்லியிருக்கோணும்" என்று அழுதாள். சொல்லவிடாமல் அவள் வாயை அடைத்தது நான்தானே? மாமியார் என்ற ஒரு அதிகாரத்தில், சரியாகச் சொன்ன பிள்ளையின் வாயை அடைத்து, என் உயிரையே கிட்டத்தட்ட விட்டிருப்பேன். அன்றைக்கு அந்தப் பெஞ்சிலேயே அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். திரும்பி மலை ஏறும்போது உங்கப்பா ஜீப்பை நிறுத்தச் சொல்லி, பிளாஸ்கில் மிச்சம் இருந்த காப்பியை ரோட்டோரம் கவிழ்த்தார். வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுப் பாக்கியம் வாசலிலேயே நிற்கிறாள். "என்னக்கா, போன காலோட வந்துட்டீங்க? ஓட்டை எங்க போட்டாங்க?" "என்ற மண்டையில போட்டாங்க, போடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். இதுதான் நான் ஃபெயிலான கதை.

இரண்டாவது தடவை நான் விட்டேனா பார். ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கேள்விகளை நானே எழுதினேன். பதினான்கு கேள்வி. எழுத்துக் கோணல்மாணல்தான், ஆனால் ஒன்று விடவில்லை. பிரஷர் மாத்திரையை அன்றைக்குப் போடலாமா? இருமல் இருந்தால் சொல்ல வேண்டுமா? எத்தனை நாள் படுக்க வேண்டும்? எப்போது குளிக்கலாம், எப்போது தண்ணீர் தூக்கலாம், எப்போது பூசைக்குப் போய் முழங்காலிடலாம்? ரோசி முன்கூட்டியே சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து போனில் டாக்டரம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, கேள்விக்குக் கீழேயே பதிலை எழுதிக்கொண்டு வந்தாள். காலை மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு போடலாம், அது மட்டும்தான், அதையும் நர்சிடம் சொல்லிவிட்டுப் போட வேண்டும். இருமல் இருந்தால் ஒளிக்கக்கூடாது. இதெல்லாம் எனக்குச் சொன்ன பதில் கண்ணு, உனக்கு உன் டாக்டர் வேறு மாதிரி சொல்வார். நீ கேள்வியை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள், பதிலை அங்கே வாங்கு. முந்தின நாள் மதியமே மலை இறங்கி ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தோம், வளைவில் வயிற்றைப் புரட்டுகிறது என்ற சாக்கே இல்லாமல்.

காலையில் ஒரு சம்மதத் தாளை நீட்டி உங்கப்பாவைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவர் பேனாவை வாங்கிவிட்டார். டாக்டரம்மா அந்தப் பக்கமாக வந்தவர், "வயிறு யாருதுங்க? அவங்க மொதல்ல போடட்டும், நீங்க அப்புறம் சாட்சிக்குப் போடுங்க" என்றார். என் பெயரை முழுசாக, ஒரு புள்ளி விடாமல் எழுதினேன். ரேசன் கார்டு தவிர வேறு எதிலும் என் பெயர் முதலில் வந்ததே இல்லை செலின். அந்தக் கையெழுத்தைப் போட்டபோதே பாதி பயம் போய்விட்டது. தாலியை இந்தத் தடவை நானே கழற்றி உங்கப்பா சட்டைப் பையில் போட்டுப் பித்தானை மாட்டிவிட்டேன். நான் வெளியே வருகிறவரைக்கும் அவர் நெஞ்சில் வைத்த கையை எடுக்கவே இல்லையாம். நர்ஸ் பயந்துபோய், "தாத்தா, உங்களுக்கு நெஞ்சு வலிக்குதுங்களா?" என்று கேட்டு, அவருக்கும் பிரஷர் பார்த்திருக்கிறாள்.

கண் விழித்தபோது தொண்டை எரிந்தது, உடம்பு குளிரில் ஆடியது. மூச்சுக்குக் குழாய் வைத்திருந்ததாலும் மருந்தாலும் அப்படி இருக்கும், பயப்படாதே. வயிற்றைத் தடவிப் பார்த்தேன், மூன்று பிளாஸ்திரி. அவ்வளவுதான். உங்கள் இரண்டு பேரையும் பெற்றபோது வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தவளை, அன்றைக்குச் சாயங்காலமே எழுந்து நட என்றார்கள். "ஏனுங்கம்மா, பச்சை உடம்புங்களே" என்றேன். "நடந்தாத்தானுங்க உள்ள போன காத்து எறங்கும், ரத்தம் கட்டாம ஓடும். படுத்தே இருக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. ரோசி தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். இரண்டு நாளில் வீட்டுக்கு விட்டார்கள். இருபது வளைவும் ஒரு தலையணையை வயிற்றோடு கட்டிப்பிடித்துக்கொண்டே ஏறினேன். நீயும் ஒரு தலையணை வைத்துக்கொள். இருமும்போதும் சிரிக்கும்போதும் அதுதான் துணை. உன் அண்ணனிடம் மட்டும் பேச்சுக் கொடுத்துவிடாதே, சிரிக்க வைத்தே தையலைப் பிரித்துவிடுவான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் என் வலது தோள்பட்டையில் ஒரு வலி பிடித்தது பார், கையைத் தூக்க முடியவில்லை. வயிற்றில் ஆப்பரேசன் செய்தால் தோள் எதற்கு வலிக்க வேண்டும்? மாரடைப்புதான் என்று முடிவு கட்டிவிட்டேன். உங்கப்பா செருப்புக்கூடப் போடாமல் கோயிலுக்கு ஓடினார். பாக்கியம் ஜெபமாலைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டாள். பங்குச் சாமியார் நோயில் பூசும் எண்ணெயோடு வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறார். எல்லாரும் முழங்காலிட்டாயிற்று. அப்போதுதான் ரேசன் கடையிலிருந்து வந்த ரோசி, கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, விசயத்தைக் கேட்டதும் உள்ளே ஓடி அந்தக் காலண்டர் தாளை எடுத்து வந்தாள்.

"அத்தை, பதினொண்ணாவது கேள்வியப் பாருங்க! நீங்க எழுதுனதுதான்!"

சத்தமாகப் படித்தாள். 'வேறு எங்கே வலிக்கும்? தோளில் வலிக்கும். உள்ளே நிரப்பிய காற்று மிச்சம் இருப்பதால் வரும் வலி. நடந்தால் போகும். மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் போனாலோ, கால் வீங்கினாலோ, வயிற்று வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ உடனே வர வேண்டும்.' சாமியார் ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டார். மூச்சு முட்டுகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, காய்ச்சல் அடிக்கிறதா? இல்லை, இல்லை, இல்லை. உன் அண்ணன் ஜீப்பை எடுத்துப்போய் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து கேட்டுவிட்டும் வந்தான், அதே பதில்தான். சாமியார் எண்ணெய்ச் சிமிழை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, "காத்துக்கெல்லாம் எண்ணெய் பூசறதில்லீங்கம்மா. எந்திரிச்சு நடங்க. இத்தனை தூரம் ஓடி வந்ததுக்கு எனக்கு ஒரு கடுங்காப்பியாவது குடுங்க" என்றார். முழங்காலிட்டிருந்த அத்தனை பேரும் சிரித்த சிரிப்பில் நான் தலையணையைத் தேடினேன். அவர் கிளம்பும்போது நானே வாசல் வரைக்கும் நடந்து போய் வழியனுப்பினேன். மூன்று நாளில் தோள்வலி இருந்த இடம் தெரியவில்லை.

இன்னும் ஒரு தப்புச் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பாவாடை நாடா சரியாகத் தொப்புள் ஓட்டை மேலேயே உட்காரும் என்று ரோசி எனக்கு ஒரு பூப்போட்ட நைட்டி வாங்கி வந்தாள். என் வயதில் நைட்டி! பாக்கியம் பார்த்துவிட்டு, "அக்கா, ஏற்காட்டுக்குப் படம் எடுக்க வந்த நடிகையாட்ட இருக்கறீங்க. மொளகத்தனை ஓட்டைக்கு இந்த மினுக்கா?" என்றாள். கேலிதான், ஆனால் அந்த மிளகு எனக்கு உறைத்துவிட்டது. பன்னிரண்டாவது நாள், நானும் சும்மா உட்கார்ந்திருக்கிறவள் இல்லை என்று காட்ட வெந்நீர்த் தவலையைத் தூக்கினேன். தொப்புளில் சுருக்கென்று பிடித்து நீர் கசிந்துவிட்டது. அப்புறம் மருந்து, கட்டு, இன்னும் பத்து நாள் ஓய்வு. வெளியே பார்க்க மிளகு அளவுதான், உள்ளே கட்டி இருந்த இடம் ஆற வேண்டாமா? உன்னையும் யாராவது, ஏன் உன் மனசே, சின்ன ஓட்டைதானே என்று சொல்லும். கேட்காதே. டாக்டர் சொல்கிற நாள் வரைக்கும் ஒரு வாளித் தண்ணீர்கூட நீ தூக்கக்கூடாது. கேலி பேசின பாக்கியமே அடுத்த நாளிலிருந்து எனக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுத்தாள். மாப்பிள்ளை தூக்கமாட்டாரா?

ஒன்றை யாரிடமும் நான் சொன்னதில்லை. எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். பதில் வருகிறவரைக்கும் கேன்சர் என்ற அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவே இல்லை, ஆனால் சோற்றுக்குள்ளும் ஜெபத்துக்குள்ளும் அதுதான் கிடந்தது. நீ இரண்டு தடவை நாள் தள்ளியதற்குப் பரீட்சையும் புதுமனையும் காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும் சாமி. உனக்குள்ளும் அதுதான் கிடக்கிறது. தள்ளிப்போட்டால் அது போகாது, தெரிந்துகொண்டால்தான் போகும். எனக்கு ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "சாதாரணக் கட்டிதானுங்க. கெட்டது ஒண்ணும் இல்ல. போயி நல்லா இருங்க" என்றார். நான் அவர் மேஜையைத் தட்டி, "அப்ப நான் பாஸுங்களா?" என்று கேட்டேன். "பர்ஸ்ட் கிளாஸுங்க" என்றார். அடுத்த சீசனில் கூடையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் பழம் பறித்தேன். என் வரிசையில் இருந்த சின்னப் பெண்கள் எல்லாருக்கும் முன்னால் நான் கூடையை நிரப்பினேன். இதை நீ பெருமை என்று நினைத்தாலும் சரி, பெருமைதான்.

இப்போது ஒரு பழைய விசயம். நீ ஒன்பதாவது படிக்கும்போது, மாதத்தில் அந்த மூன்று நாளும் சுருண்டு கிடந்து, 'அம்மா, உயிர் போகுதும்மா' என்பாய். நான் ஓமத் தண்ணீரைக் கொடுத்து, 'எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதான், எந்திரிச்சுப் பள்ளிக்கூடம் போ' என்று விரட்டினேன். ஒரு நாள் நீ வழியிலேயே உட்கார்ந்துவிட்டாய் என்று யாரோ தூக்கிக்கொண்டு வந்து விட்டார்கள். அப்போதும் நான் உன்னை எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. அந்த வலிக்கும் இந்தக் கட்டிக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா, எனக்குத் தெரியாது, உன் டாக்டரிடம் நீயே கேள், உன் கேள்வித் தாளில் அதை முதலாவதாக எழுது. ஆனால் வலி என்று சொன்ன பிள்ளையை நான் நம்பவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. வலித்தால் வாயை மூடிக்கொள்ள உனக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான், இன்றைக்கு அதை மறந்துவிடச் சொல்வதும் நான்தான். வலிக்கிறது என்று சத்தமாகச் சொல். டாக்டரிடம் சொல், மாப்பிள்ளையிடம் சொல், மாமியாரிடமும் சொல். நாளைக்கு அனிதா வந்து சொன்னால், நீ அவளை நம்பு.

மாப்பிள்ளைக்குத் தனியாக எழுதிவிட்டேன். அடுத்த மாதம் டாக்டர் கொடுத்திருக்கிற தேதியை யாரும் மாற்றக்கூடாது. அதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும் நான் பஸ் ஏறுகிறேன். ஒரு மாதம் உன்னோடு இருப்பேன், உங்கப்பா இங்கே ரோசியின் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பார். தலையணை கொண்டு வருகிறேன். அந்தப் பூப்போட்ட நைட்டியையும் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், இன்னும் சாயம் போகவில்லை. காலண்டர் தாளும் வருகிறது. பிளாஸ்க் மட்டும் வராது. உன்னை உள்ளே கொண்டு போகும்போது உன் தாலியை வாங்கி வைத்துக்கொள்ள நான் வாசலில் நிற்பேன். நீ ஒரு டம்ளர் காப்பி குடித்திருந்தால் நர்சுக்கு முன்னால் நானே சொல்லிக்கொடுத்துவிடுவேன், ஜாக்கிரதை.

கடைசியாக ஒன்று. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய படத்தைச் சுவரில் மாட்டியிருந்தேன். எல்லாரும், செலின் பட்டுச்சேலையில் அழகாக இருக்கிறாள் என்றார்கள். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். அனிதாவின் பள்ளிக்கூடப் பையை வாங்கி வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். படம் எடுக்கும்போது எந்தத் தாய் பிள்ளையின் பையைச் சுமந்துகொண்டு நிற்பாள்? நான் ஒன்றரை வருடம் கூடை பிடித்த அதே இடத்தில் நீ பை பிடித்திருக்கிறாய். மாப்பிள்ளை கடிதம் வருவதற்கு முன்னாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது, ஆனாலும் கேட்காமல் இருந்துவிட்டேன். அதற்குப் பக்கத்தில் என் படம் இருக்கிறது, நீ பார்த்ததில்லை. டாக்டரம்மா பாஸ் போட்ட அன்றைக்கு, ஏரிக்கரை ஸ்டுடியோவில் எடுத்தது. படக்காரர் கையில் பூங்கொத்துக் கொடுத்தார், வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டு கையையும் தொங்கவிட்டு, வயிற்றை மறைக்காமல், நேராக நிற்கிறேன். இன்றைக்கு உன் அந்தப் படத்தைக் கழற்றி ஆணியைக் காலியாக வைத்திருக்கிறேன். ஆப்பரேசன் முடிந்து, டாக்டர் எல்லா வேலையும் செய்யலாம் என்று சொல்லுகிற அன்றைக்கே ஸ்டுடியோவுக்குப் போ. பையை அனிதாவிடம் கொடுத்துவிட்டு, கையைக் கீழே விட்டு நின்று ஒரு படம் எடுத்து, முதல் தபாலிலேயே எனக்கு அனுப்பு.